2 ஏக்கர் புல்தரைக்குப் பேட்டரி மோவர்: விலையும் ஆயுளும், காவிரிக் கரைக் கணக்கில்

கேள்வி இது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் 5 ஏக்கர். தங்கும் விடுதியைச் சுற்றி 2 ஏக்கர் புல்தரை, மீதி 3 ஏக்கர் தென்னை. தள்ளு மெஷினும் பிரஷ் கட்டருமாக வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார். அதனால் உட்கார்ந்து ஓட்டுகிற மோவர், அதாவது புல்வெட்டும் வண்டி, வாங்க நினைத்து மூன்று விலை வாங்கியிருக்கிறீர்கள்: பெட்ரோல் வண்டி 3,20,000 ரூபாய், ஈய பேட்டரி வண்டி 3,90,000, லித்தியம் வண்டி 5,60,000. நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர், தன் வீட்டில் ஓட்டுகிற மாதிரியே ஒன்றை அங்கிருந்து அனுப்பி வைக்கிறேன் என்கிறார். எது கட்டுப்படியாகும், பேட்டரி எத்தனை வருஷம் வரும், தோப்புக்கும் அதே வண்டி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தஞ்சாவூரில் 20 வருஷத்துக்கு மேலாக பேட்டரி, மோட்டார் வேலை பார்க்கிறேன். இன்வெர்ட்டர், பேட்டரி ரிக்‌ஷா, இப்போது ஸ்கூட்டர் என்று தினமும் கையில் வருகிறவை ஒரு பக்கம். பேட்டரி மோவர்கள் நம் பக்கம் இன்னும் அபூர்வம். மூன்றைத்தான் திறந்து வேலை செய்திருக்கிறேன். அந்த மூன்றிலும் கற்றது போதுமானதாக இருந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு காரணத்தைப் படியுங்கள். ஈய பேட்டரி வண்டி வேண்டாம். பணத்தை மட்டும் பார்த்தால் உங்கள் 2 ஏக்கருக்கு லித்தியம் வண்டி போட்ட முதலைத் திருப்பித் தராது. ஆனால் விடுதி நடத்துகிறவருக்குப் பணத்தைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது, அதற்காக வாங்கலாம். தோப்புக்குள் எந்த மோவரையும் விடாதீர்கள்.

முதலில் எவ்வளவு வேலை என்று பார்ப்போம். மூன்று விலையிலும் நீங்கள் குறிப்பிட்டிருப்பது 42 அங்குல வெட்டு அகலம், அதாவது 107 சென்டிமீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போனால் 5,350 சதுர மீட்டர் வெட்டும். போன தடத்தின் மேல் கொஞ்சம் ஏறி வரவேண்டும், திரும்ப வேண்டும், பூச்செடிப் பாத்தியைச் சுற்ற வேண்டும். அதையெல்லாம் கழித்தால் 4,000 சதுர மீட்டர் நிற்கும். ஒரு ஏக்கர் என்பது 4,047. ஆக மணிக்கு ஒரு ஏக்கர் என்று வைக்கலாம். உங்கள் இடத்தில் குடில்கள் குறுக்கே நிற்பதால் 2 ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்கிறேன். நம் பழைய அளவில் சொன்னால் 6 மா நிலம். ஒரு காலை வேலை.

வருஷத்துக்கு எத்தனை தடவை வெட்டுவீர்கள்? இங்கேதான் வெளிநாட்டுக் கணக்கும் நம் கணக்கும் பிரிகின்றன. அங்கே குளிர்காலத்தில் புல் தூங்கிவிடும், வண்டியும் கொட்டகைக்குள் போய்விடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் புல் கண் முன்னாலேயே வளரும், ஆனால் தரை வண்டியைத் தாங்காது. வெட்ட வேண்டிய நாளில் வெட்ட முடியாது. வெட்ட முடிகிற நாளில் புல் முழங்காலைத் தொட்டிருக்கும். ஐப்பசி முதல் தை வரை வாரம் ஒன்று என்று திட்டமிட்டாலும் மழை போக 14 தடவை கிடைத்தால் பெரிது. மாசி முதல் வைகாசி வரை 15 நாளைக்கு ஒரு தடவை, அதாவது 8. ஆனி முதல் புரட்டாசி வரை 10 நாளைக்கு ஒன்று, 12. மொத்தம் 34 வெட்டு, 85 மணி நேரம். இந்த 34 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பேட்டரி ஆயுள் பற்றி விற்பவர் என்ன சொன்னாலும் இந்த எண்ணோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் வண்டி மணிக்கு 2 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால் 85 மணிக்கு 170 லிட்டர். லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருப்பதால் 17,000 ரூபாய். ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் கழுவுகிற கூலி எல்லாம் சேர்த்து 4,000 போடுங்கள். வருஷத்துக்கு 21,000. மின்சார வண்டிக்கு, ஒழுங்காகப் பராமரித்த புல்தரையில் ஏக்கருக்கு ஒன்றரை யூனிட் போகும் என்று கொள்கிறேன். ஒரு வெட்டுக்கு 3 யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் லித்தியத்துக்குச் சுவரிலிருந்து 3.4 யூனிட் இழுக்கும். 34 வெட்டுக்கு 115 யூனிட். விடுதி என்பதால் வணிக இணைப்பு, யூனிட் 10 ரூபாயை ஒட்டி என்று வைத்தால் 1,150 ரூபாய்தான்.

இவ்வளவு வித்தியாசம் எப்படி என்று பலர் கேட்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிளேடுக்குக் கொண்டுபோகும், மற்றது சூடாகவும் புகையாகவும் போய்விடும். மின் மோட்டார் வாங்கியதில் 85 சதவீதத்துக்கு மேல் வேலையாகத் திருப்பித் தரும். ஓட்டுகிற செலவில் மின்சாரத்தைப் பெட்ரோல் எட்டிப் பிடிக்கவே முடியாது.

ஆனால் வருஷ மிச்சம் 20,000 ரூபாய். லித்தியம் வண்டிக்கு நீங்கள் கூடுதலாகப் போடுவது 2,40,000. அந்தக் காசு திரும்பி வர 12 வருஷம். நம் வெயிலில் ஒரு நல்ல லித்தியம் பேட்டரிக்கு நான் 8 முதல் 10 வருஷம்தான் எதிர்பார்ப்பேன். ஆக முதல் திரும்புவதற்கு முன்பே பேட்டரி மாற்ற வேண்டிவரும். இதே வண்டி ஒரு பெரிய கல்லூரி வளாகத்தில் வருஷத்துக்கு 250 மணி ஓடினால் மிச்சம் 57,000 ஆகிவிடும், நாலே கால் வருஷத்தில் முதல் கைக்கு வந்துவிடும். மின்சார வண்டி ஓட ஓடத்தான் லாபம் தரும். நின்றால் தராது. உங்கள் வண்டி வருஷத்தில் 331 நாள் நிற்கப்போகிற வண்டி.

ஈய பேட்டரி வண்டிக் கணக்கு இன்னும் மோசம். கூடுதல் விலை 70,000 தானே, மூன்றரை வருஷத்தில் வந்துவிடுமே என்று தோன்றும். அதற்குள் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்று 15,000 என்றால் 60,000 ரூபாய். மூன்று வருஷம் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை அப்படியே பேட்டரிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்.

ஏன் மூன்று வருஷம் என்கிறேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு விலை கொடுத்தவர் நிச்சயம் ‘400 சைக்கிள்’, அதாவது 400 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், என்று சொல்லியிருப்பார். வருஷத்துக்கு 34 என்றால் 400 சைக்கிள் 11 வருஷம் அல்லவா வரவேண்டும்?

ஒரு கல்லூரி மைதானத்து வண்டியைச் சொல்கிறேன். தை மாதம், பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள். வண்டியைத் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தியிருந்தார்கள். சீட்டைத் தூக்கினேன். நான்கு பேட்டரிகளின் முனைகளிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் திருநீறு மாதிரி உதிர்ந்தது. மூடியைத் திருகி டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு பேட்டரியில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது, தகட்டின் மேல் விளிம்பு சாம்பல் பூத்துக் காய்ந்திருந்தது. அமிலத்தின் அடர்த்தி காட்டுகிற ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சினேன். நல்ல சார்ஜில் 1.260க்கு மேல் நிற்க வேண்டிய மிதவை, எழும்பவே இல்லாமல் கண்ணாடிக் குழாயின் அடியில் உட்கார்ந்துவிட்டது. மீட்டரில் ஒரு பேட்டரி 9.8 வோல்ட். வண்டி ஓட்டுகிற அண்ணன் பக்கத்தில் நின்று, ‘மழைக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு தம்பி, நான் தொடவே இல்லையே’ என்றார். அவர் சொன்னது முழு உண்மை. தொடவே இல்லை. ஐப்பசி மழை பிடித்ததும் கடைசி வெட்டை முடித்து, பாதி காலியான பேட்டரியோடு நிறுத்தியவர்தான். இரண்டரை மாதம் சார்ஜ் போடவில்லை.

வாங்கி 19 மாதம். அவர் வைத்திருந்த நோட்டில் எண்ணிப் பார்த்தால் 50 சொச்சம் வெட்டு. 400 சைக்கிளில் 350 மீதி இருக்கும்போதே நான்கும் போய்விட்டன. அந்தப் பேட்டரிகள் உழைத்துச் சாகவில்லை, கிடந்து செத்தன.

நடந்தது இதுதான். ஈய பேட்டரி சார்ஜ் இறங்கும்போது தகட்டில் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து திரும்பிவிடும். வாரக்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டுப் பரல் கட்டிவிடும், பிறகு எந்தச் சார்ஜரும் அதைக் கரைக்காது. அதோடு சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் கையாளுகிற கணக்கு. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூரில் நிழலிலேயே 38, 39 டிகிரி அடிக்கிறது. தகரக் கொட்டகைக்குள் நடு மதியம் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் 4.8 யூனிட் என்று பெருக்கிவிடுகிறோம். ஈய பேட்டரியில் அந்த 100 என்பது மெதுவாக, 20 மணி நேரத்தில் எடுத்தால் கிடைக்கிற அளவு. மோவர் 25 ஆம்பியராக இழுக்கும்போது 75ஐ ஒட்டித்தான் கிடைக்கும். கையில் வருவது 3.6 யூனிட், உங்களுக்குத் தேவை 3. ஒவ்வொரு வெட்டுக்கும் 80 சதவீதத்துக்கு மேல் காலி செய்கிறீர்கள். பாதிக்கு மேல் இறக்காதே என்று நான் இன்வெர்ட்டர் வாங்குகிறவர்களிடம் தினமும் சொல்கிற பேட்டரி இது. நான்கு பேட்டரியின் எடை 120 கிலோ என்பதையும் மறக்க வேண்டாம். களிமண் தரையில் அந்த 120 கிலோ பேசும்.

மோட்டார் பக்கம் எனக்கு எந்தப் பயமும் இல்லை. உட்கார்ந்து ஓட்டும் மின்சாரப் புல்வெட்டி புதுச் சரக்கும் கிடையாது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969இலேயே எலெக்-ட்ராக் என்ற பெயரில் 36 வோல்ட் தோட்ட டிராக்டரை விற்றது, ஆறு 6 வோல்ட் ஈய பேட்டரிகளோடு. அதை இன்றைக்கும் பழுதுபார்த்து ஓட்டுகிற ஆர்வலர்கள் அங்கே இருக்கிறார்கள். மோட்டார் அதேதான், பேட்டரி மட்டும் எத்தனையோ தடவை மாறியிருக்கும். இந்த வண்டிகளில் எப்போதும் முதலில் போவது பேட்டரிதான். அதனால் வண்டி விலையைக் கேட்கும் அதே நாளில் மாற்றுப் பேட்டரியின் விலையையும் கேளுங்கள்.

லித்தியத்துக்கு வருவோம். உங்களுக்குச் சொல்லியிருப்பது 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி. 51.2 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி; 3.2 வோல்ட் செல் 16 வரிசையாக இருக்கிறது, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. எங்கள் பக்கம் எல்.எஃப்.பி. என்போம். ஸ்கூட்டர்களில் பரவலாக வருகிற நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் வகையைவிட எடை கூடுதல்தான், ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும், தீப்பிடிக்கிற அபாயம் குறைவு, 2,000 சைக்கிளுக்கு மேல் வரும். 5.12 யூனிட்டில் 10 சதவீதத்தை மிச்சம் வைத்தாலும் நாலரை யூனிட் கிடைக்கும். உங்கள் 3 யூனிட் வேலைக்கு நிறைவு.

வருஷத்துக்கு 34 வெட்டுக்கு 2,000 சைக்கிள் என்றால் 58 வருஷம். யாரும் அப்படி வரும் என்று நம்ப மாட்டார்கள். லித்தியமும் சும்மா கிடந்தே வயதாகிற பொருள். உங்கள் மாதிரி குறைவாக ஓட்டுகிறவர்களுக்குச் சைக்கிள் எண்ணிக்கை ஒரு பொருட்டே கிடையாது. நாள்காட்டிதான் பேட்டரியைத் தின்னும். அதனால் ‘6,000 சைக்கிள் செல்’ என்று சொல்லிக் கூடுதலாக 40,000 கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காசில் கொஞ்சத்தை எடுத்து நல்ல கொட்டகை கட்டுங்கள்.

கொட்டகை பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன், நான் பார்த்த பேட்டரிச் சாவுகளில் பெரும்பாதி அங்கேதான் நடந்தது. தகரம் வேண்டாம். கீற்றுக் கொட்டகை குளிர்ச்சி, நம் ஊருக்கு அதைவிட நல்ல கூரை கிடையாது. ஆனால் கீற்றுக்குக் கீழே, பக்கத்தில் வைக்கோல் போர் இருக்க, 5 யூனிட் பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. செங்கல் சுவர், மேலே ஓடு, வடக்குப் பக்கம் ஜன்னல். அது போதும். வெட்டி முடித்து வண்டி சுடச்சுட வந்ததும் சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. மத்தியானம் ஓயட்டும், ராத்திரி 10 மணிக்கு மேல் போடலாம். அதிலும் முழுசாக ஏற்றி வாரக்கணக்கில் வைக்க வேண்டாம். பாதி சார்ஜில் கிடக்கட்டும், வெட்டுவதற்கு முந்தைய ராத்திரி நிரப்புங்கள். நிறைந்த பேட்டரி வெயில் காலத்தில் சும்மா கிடப்பதுதான் அதற்குப் பெரிய கேடு. மாதம் ஒரு தடவையாவது முழுக்க ஏற்றினால் உள்ளே இருக்கிற மின்பலகை 16 செல்லையும் சமன் செய்துகொள்ளும். வெட்டுக்கு முந்தைய நிரப்பலே அந்த வேலையையும் செய்துவிடும். மழைக்காலம் இரண்டு மாதம் நின்றாலும் லித்தியத்துக்கு ஒன்றும் ஆகாது, பாதி சார்ஜில் விட்டிருந்தால். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஈய பேட்டரிகள் என் கடைக்கு மூட்டை மூட்டையாக வந்தன. அந்த நினைவும் சேர்ந்துதான் ஈயம் வேண்டாம் என்கிறேன்.

சார்ஜர் இழுப்பது 5 ஆம்பியர் சொச்சம்தான், என்றாலும் எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள். சாயங்காலம் உங்கள் பக்கம் வோல்டேஜ் 170க்கு இறங்கும், எனக்குத் தெரியும். அதைத் தாங்குகிற சார்ஜரா என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பம்புசெட்டுக்கு வாங்கிய இலவச இணைப்பிலிருந்து ஒயர் இழுக்க வேண்டாம், அது தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. எலியையும் கவனியுங்கள். தையில் சம்பா அறுத்ததும் வயலில் இருந்த எலியெல்லாம் கொட்டகை தேடி வரும். சீட்டுக்கு அடியில் கூடு கட்டி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிற மெல்லிய ஒயரைக் கடித்துவிடும். நான் திறந்த மூன்றில் ஒரு வண்டிக்கு வந்த வியாதி அதுதான். பேட்டரி போச்சு என்று சொல்லி அனுப்பினார்கள், இரண்டு ஒயரை ஒட்டிக் கொடுத்தேன்.

தரையைப் பற்றி. உங்கள் பக்கம் வண்டல் படிந்த களி. காய்ந்தால் கல், நனைந்தால் பசை. மழை நின்ற மறுநாள் வெயிலைப் பார்த்து வண்டியை எடுத்தால் சக்கரத் தடம் அடுத்த கோடை வரை அழியாது. குதிகாலால் அழுத்தி மிதித்துப் பாருங்கள். அந்தக் குழியில் தண்ணீர் சுரந்தால் அன்றைக்கு வேண்டாம். மார்கழிப் பனியில் நனைந்த புல்லும் அப்படித்தான். ஈரப்புல் பிளேடுக்குக் கீழே அப்பிக்கொள்ளும், மோட்டார் திணறும், மூன்று யூனிட் வேலை ஐந்தாகும். முழங்கால் உயரப் புல்லில் இன்னும் கூடும். மழைக்குப் பிறகு முதல் வெட்டை உயரமாக வைத்து ஒரு தடவை, மூன்று நாள் விட்டுத் தாழ்த்தி ஒரு தடவை என்று பிரியுங்கள். வளர்ந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வெட்டில் எடுக்காமல் இருந்தால் புல்லுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது. பிளேடை 25 மணிக்கு ஒரு தடவை சாணை பிடியுங்கள். ஆற்று மணல் கலந்த மண்ணில் கூர் சீக்கிரம் மழுங்கும், மழுங்கின பிளேடு புல்லை அறுக்காது, பிய்க்கும். அதற்குக் கூடுதலாகப் போகிற கரண்ட் உங்கள் பையிலிருந்துதான்.

மைத்துனர் அனுப்புவதாகச் சொன்ன வண்டியை அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. சார்ஜர் இரண்டுக்கும் பொருந்துவதாக இல்லாவிட்டால் முதல் நாளே புகையும். பேட்டரியைத் தனியாகப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவரலாமா என்றால், 160 வாட்-மணிக்கு மேல் உள்ள லித்தியம் பேட்டரியைப் பயணிகள் எடுத்துவர முடியாது. அங்கே பரவலாக விற்கிற ஈகோ வண்டியின் 56 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே 560 வாட்-மணி. அப்படி நான்கு, ஆறு போட்டுத்தான் வண்டி ஓடும். கப்பலில் வந்தால் ஆபத்தான சரக்கு என்ற காகிதங்கள், சுங்கம், வரி. அத்தனையும் கடந்து வந்த பிறகு ஒரு பெல்ட் அறுந்தால், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ யாரிடம் போவீர்கள்? அங்கே அவர் வீட்டுக்கு அந்த வண்டி மிகச் சரி. அவர் சொல்கிற ‘ஒரு சார்ஜில் 2 ஏக்கர்’ என்பதும் பொய்யில்லை. அளவாக வெட்டி வைத்த, காய்ந்த, சமமான புல்லில் எடுத்த கணக்கு அது.

தோப்பு விஷயம். 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம், ஒவ்வொன்றுக்கும் 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி, நடுவே வாய்க்கால், மேலே இருந்து எந்த நேரமும் விழுகிற மட்டை, குரும்பை, பாளை. புல்லுக்குள் மறைந்து கிடக்கிற ஒரு பச்சைத் தேங்காயில் பிளேடு மோதினால் அதைத் தாங்குகிற தண்டு வளைந்துவிடும். தோப்புக்கு மோவர் தேவையும் இல்லை. புரட்டாசி மழையோடு தக்கைப்பூண்டோ சணப்பையோ விதையுங்கள், களையை அது அமுக்கிவிடும். பூக்கிற பருவத்தில், 45 நாள் வாக்கில், வாடகை ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுதால் மரத்துக்கு உரம். சம்பா அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள். வயலில் கிடை கட்டுவதைப் போலத் தோப்பிலும் நாலு ராத்திரி கட்டச் சொல்லுங்கள். புல்லும் தீரும், புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் சேரும். இளங்கன்று நட்டிருந்தால் மட்டும் அதைச் சுற்றி வேலி கட்டிவிட்டுக் கூப்பிடுங்கள். மற்ற மாதங்களில் அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் வந்து அறுத்துக்கொண்டு போகட்டும். மூன்று ஏக்கர் புல் என்பது ஒரு குடும்பத்தின் இரண்டு மாட்டுக்குத் தீவனம். அதைப் பொடியாக்கிப் போட லட்சக்கணக்கில் வண்டி வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

இனி, பணத்தைத் தாண்டிய அந்தக் காரணம். உங்கள் விருந்தினர்கள் ஆற்றங்கரை அமைதிக்காக வருகிறார்கள். பெட்ரோல் மோவரைக் காலை 6 மணிக்கு ஓட்ட முடியாது, எல்லாரும் எழுந்துவிடுவார்கள். 9 மணிக்கு மேல் ஓட்டினால் ஓட்டுகிறவர் பங்குனி வெயிலில் இரண்டரை மணி நேரம் எஞ்சின் சூட்டின் மேல் உட்கார வேண்டும். பேட்டரி வண்டி ஓடும்போது பக்கத்தில் நின்று குரலை உயர்த்தாமல் பேசலாம். பனி இல்லாத மாதங்களில் 6 மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துவிடலாம். குடிலில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார், பெட்ரோல் வாடையும் இராது. ஓட்டுகிற ஆள் நாளைக்கும் வருவார். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் அவர் உடம்புக்கு நாம் பார்க்கிற அனுசரணை பெரிய விஷயம். அதற்காக 2,40,000 கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தே கொடுத்தால் நான் தடுக்க மாட்டேன். பெட்ரோலில் மிச்சமாகும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

வாங்குவதென்றால் எழுத்தில் வாங்க வேண்டியது சில. மாற்றுப் பேட்டரிக்கு இன்றைய விலை என்ன. வாரண்டி எத்தனை வருஷம், அதற்குள் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள். ‘பேட்டரி வாரண்டி 5 வருஷம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பேட்டரி முழுக்கச் செத்தால்தான் மாற்றுவோம் என்பார்கள். செல் ஒன்று போனால் அதை மட்டும் மாற்ற முடியுமா, முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டுமா. ஆள் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார். கடைசிக் கேள்விக்கு ‘சென்னையிலிருந்து’ என்று பதில் வந்தால், விலையில் கணிசமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால், விற்பவரை உங்கள் தரைக்கு வண்டியோடு வரச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்துப் புல்லில் ஓட்டிக் காட்டுவதெல்லாம் கணக்கில் சேராது. முழு சார்ஜில் வரட்டும். டேப் பிடித்து ஒரு ஏக்கரைக் குச்சி நட்டுக் குறித்துவிடுங்கள், 10 நாள் வளர்ந்த புல்லாக இருக்கட்டும், உங்கள் ஆளே ஓட்டட்டும். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு உங்கள் வீட்டுப் பிளக்கில் சார்ஜ் போடுங்கள், நடுவில் ஒரு வாட் மீட்டரைச் செருகி. மின்சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், என்னிடமும் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப்போங்கள். பேட்டரி நிறைந்து சார்ஜர் தானாக நின்றதும் மீட்டர் 1.7 யூனிட்டை ஒட்டிக் காட்டினால் நான் மேலே போட்ட கணக்கு உங்கள் தரைக்குப் பொருந்துகிறது. 2.2 வரை போனாலும் அந்தப் பேட்டரி 2 ஏக்கரைத் தாங்கும். 2.5ஐத் தாண்டினால் ஒரே காலையில் 2 ஏக்கரையும் முடிக்க அது போதாது. ஒரு ஏக்கரைத் திங்கட்கிழமை, இன்னொன்றைச் செவ்வாய் என்று பிரித்து ஓட்ட உங்கள் ஆள் சம்மதிக்கிறாரா என்று அவரிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.